ஏழு சுரமும் ஊர்ப் பொது

1902 நவம்பர். கல்கத்தாவில் ஓர் ஓட்டல் அறை. லண்டன் கிராமபோன் கம்பெனியிலிருந்து வந்திருந்த பிரெட் கெய்ஸ்பர்க், ஒலிப்பதிவுக் கருவியின் நீண்ட கூம்பை அறைக்குள் நீட்டி வைத்திருந்தார். பாடகி கௌஹர் ஜான் அந்தக் கூம்புக்கு நேராக முகத்தை வைத்துப் பாடினார். தட்டில் இருந்த இடம் மூன்று நிமிடத்துக்குத்தான். அதற்குள் ராகத்தைச் சுருக்கி முடித்து, கடைசி நொடியில் தன் பெயர் கௌஹர் ஜான் என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். மெழுகுத் தட்டுகள் அங்கிருந்து கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குப் போகும். அங்கே அச்சடிப்பவர்களுக்குப் பாட்டின் பாஷையும் தெரியாது, பாடகியையும் தெரியாது. எந்தத் தட்டில் எந்த லேபிளை ஒட்டுவது என்று அவர்கள் தடுமாறாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு என்று சொல்வார்கள்.

எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாவில் மைக் செட்காரரும் இதையேதான் செய்தார். சாமி பாட்டுக்கும் சினிமா பாட்டுக்கும் நடுவே, மைக்கை இரண்டு தட்டு தட்டிவிட்டு, ‘ஒலி ஒளி அமைப்பு’ என்று தொடங்கி ஊர்ப் பெயரையும் தன் ரேடியோஸின் பெயரையும் இழுத்துச் சொல்வார். கௌஹர் ஜானை அவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனால் தன் தொழிலின் சூட்சுமம் அவருக்குத் தெரிந்திருந்தது. இசையை விற்பவனின் பெயர் முதலில் காதில் விழ வேண்டும், பலகையில் படிப்பதெல்லாம் பிறகு. இசைத் தொழிலுக்குப் பெயர் வைப்பது பற்றி நான் தேடிப் படித்ததெல்லாம் கடைசியில் இந்த மைக் செட்காரரிடமே என்னைக் கொண்டுவந்து நிறுத்தியது.

தேட வைத்தவன் என் தங்கை மகன். மிருதங்கம் வாசிப்பவன். மன்னார்குடியில் அவன் அப்பா நடத்தி மூடிய மாவு மில் கட்டடத்தில் ஒரு சிறு ஒலிப்பதிவுக் கூடமும் சாயங்கால வகுப்புகளும் தொடங்கப்போவதாகச் சொன்னான். “பேரு மட்டும் நீங்க சொல்லுங்க மாமா, மத்ததெல்லாம் ரெடி” என்றான். கையில் ஒரு பட்டியலும் வைத்திருந்தான். ஸ்ருதிலயா, நாதலயா, ஸ்வரலயா, சப்தஸ்வரா, ராகமாலிகா, கானாம்ருதம், நாதபிரம்மம். எல்லாம் மங்கலமான பெயர்கள். பட்டியலைப் படித்து முடித்தபோது எதை முதலில் படித்தேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

அந்த வாரம் கும்பகோணம் வரை பஸ்ஸில் போய்வந்தேன். வழியில் ‘ஸ்ருதி’ உள்ள பலகைகளைக் கவனித்துக்கொண்டே போனேன். ஒரு பாட்டு வகுப்பு, ஒரு சவுண்ட் சர்வீஸ், ஒரு கல்யாண மண்டபம். ஒரு பெண்கள் தையலகமும் இருந்தது. அது மகள் பெயராக இருக்க வேண்டும். ஒருவரும் யாரிடமும் திருடவில்லை. எல்லோரும் ஒரே கிணற்றில் தண்ணீர் மொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அன்று இரவு வீட்டில் இருந்தவர்களிடம் ‘ஸ்ருதிலயா’ என்று சொல்லி, ஆங்கில எழுத்தில் எழுதித் தரச் சொன்னேன். ‘எஸ்’ஸுக்குப் பின்னால் ஒருவர் ‘ஹெச்’ போட்டார், ஒருவர் போடவில்லை. ‘டி’க்குப் பின்னாலும் அதே தகராறு. தங்கை ‘சுருதி’ என்று நல்ல தமிழில் நினைத்து நடுவே ஒரு ‘யு’வைச் சேர்த்தாள். ‘லயா’வின் முடிவில் எத்தனை ‘ஏ’ என்பதில் இன்னொரு பிளவு. காதால் கேட்ட பெயரைக் கைபேசியில் தட்டித் தேடுகிறவர்கள் இத்தனை வழியில் சிதறிப்போவார்கள். இதன் மேல் எண்சோதிடக்காரர் வந்து, கூட்டுத்தொகை சரியில்லை என்று ஒரு ‘ஏ’யைக் கூட்டினால் போதும், கடை இருக்கும் தெருவில் இருப்பவர்கூட அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. கூட்டுத்தொகையில் எனக்கு நம்பிக்கை இல்லை. நம்பிக்கை உள்ளவர்களிடமும் ஒன்று கேட்பேன்: வாயால் சொல்லும்போது அந்தக் கூடுதல் எழுத்து எங்கே போகிறது?

தமிழ் எழுத்துக்கும் தனிச் சங்கடங்கள் உண்டு. வடமொழி ‘கானம்’ பாட்டு, தமிழ்க் ‘கானம்’ காடு. எழுத்தில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. சென்னைக்காரர் கண்ணில் அதுவே நீண்டு ‘கானா’வாகத் தெரியும். ‘யாழ்’ அழகான சொல். ஆனால் யாழ்ப்பாணத்தில் அதை எழுதினால் ஊர்ப் பெயரின் சுருக்கமாகத்தான் படிப்பார்கள், வெளிமாநிலத்தில் எழுதினால் கடைசி எழுத்தை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் விழிப்பார்கள். ‘இசை’ என்ற சொல்லைத்தான் நான் எல்லாவற்றிலும் உயர்வாக நினைக்கிறேன். பழந்தமிழில் அதற்குப் புகழ் என்றும் பொருள், இணங்குவது என்றும் பொருள். 1943இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியபோது அந்தச் சொல்லே ஒரு கொள்கைக் கொடியாக இருந்தது. சங்கீதம் என்பதை விட்டு இசை என்று சொல்வதில் ஒரு நிலைப்பாடு இருந்தது. இன்று அதே சொல் இசையகம், இசைக்கூடம், இசைப்பள்ளி என்று எல்லாப் பலகையிலும் இருக்கிறது. எல்லோருக்கும் உரிய சொல் என்ற மதிப்பு கிடைத்ததும், ஒருவரைத் தனித்துக் காட்டும் வேலையை அது விட்டுவிட்டது.

சட்டமும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. 1999ஆம் ஆண்டின் டிரேட் மார்க் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, சரக்கின் அல்லது சேவையின் வகையையும் தன்மையையும் மட்டும் சொல்லும் பெயரை யாரும் தனக்கென்று பதிந்துகொள்ள முடியாது. பாட்டு வகுப்புக்கு ‘பாட்டு வகுப்பு’ என்று பெயர் வைத்துவிட்டு அடுத்தவர் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று வழக்குப் போட முடியாது. ‘ஸ்ருதி’, ‘ராகம்’, ‘ஸ்வரம்’ எல்லாம் இந்த எல்லைக்கு வெகு பக்கத்தில் நிற்கிற சொற்கள். சட்டத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. நெடுங்காலம் பயன்படுத்தி, அந்தச் சொல்லைக் கேட்டதும் மக்கள் உங்களையே நினைக்கும்படி ஆகிவிட்டால் பதிவு கிடைக்கலாம். ஆனால் அதற்கு நிறையப் பணமும் நிறைய வருடமும் வேண்டும்.

அப்படிச் செலவழித்த பெரிய உதாரணம் நம் எல்லோர் வீட்டிலும் இருந்தது. இந்திய கிராமபோன் கம்பெனி 2000ஆம் ஆண்டில் தன் பெயரைச் ‘சரிகம’ என்று மாற்றிக்கொண்டது. ஆசிரியர் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் நான்கு சுரங்கள். பெரிய பழைய பாட்டுக் களஞ்சியமும், பிறகு 2017இல் வந்த ‘கார்வான்’ பெட்டியும் சேர்ந்து அந்தப் பெயருக்கு உருவம் கொடுத்தன. ஆனாலும் இன்று தமிழ் வீட்டில் ‘சரிகமப’ என்று சொன்னால் பாதிப் பேர் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியைத்தான் நினைப்பார்கள். அது வேறு நிறுவனத்துடையது. அத்தனை பெரிய கம்பெனி வேலி கட்டியும், நான்கு சுரங்களுக்குப் பக்கத்தில் ஐந்தாவது சுரத்தோடு இன்னொருவர் குடியிருக்கிறார்.

கிராமபோன் கம்பெனியின் பழைய கதை இதைவிட ருசியானது. ‘கிராமபோன்’ என்பதே முதலில் ஒருவர் வைத்த பெயர். 1887இல் எமில் பெர்லினர் தன் தட்டுக் கருவிக்கு இட்டது. எடிசனின் உருளைக் கருவி போனோகிராப். பெர்லினர் அந்தச் சொல்லின் இரு பாதிகளையும் இடம் மாற்றிவிட்டார். பெயர் அமோகமாக வெற்றிபெற்றது, அதுதான் வினையானது. யார் செய்த தட்டுக் கருவியையும் ஜனங்கள் கிராமபோன் என்றே சொல்லத் தொடங்கினார்கள். 1910இல் அதைத் தன் குறியாகப் பதியக் கேட்டபோது, இது இப்போது பொருளின் பெயர், உங்கள் பெயரல்ல என்று லண்டன் நீதிமன்றம் கம்பெனியைத் திருப்பி அனுப்பியது. நம் ஊரில் குழந்தைகளுக்கு வாங்கும் சின்னக் கீபோர்டு எந்தக் கம்பெனியுடையதானாலும் ‘கேசியோ’ ஆகிவிட்டது போலத்தான். பெயர் வைத்தவனுக்கு அது பெருமை. அவன் வக்கீலுக்குத் தலைவலி.

நல்லவேளை, கம்பெனியின் கையில் ஒரு நாய் இருந்தது. பிரான்சிஸ் பாரட் என்ற ஓவியர், இறந்துபோன தன் அண்ணனின் நாயைத் தான் வளர்த்தார். நிப்பர் என்று பெயர். அது ஒலிக்கருவிக்கு முன்னால் தலையைச் சாய்த்துக் கேட்பதைப் படமாக வரைந்தார். முதலில் வரைந்தது உருளைக் கருவி. படத்துக்கு நல்ல பித்தளைக் குழாய் ஒன்றை இரவல் கேட்டு கிராமபோன் கம்பெனிக்குப் போனபோது, கருவியை மாற்றி எங்களுடையதை வரைந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். மாற்றி வரைந்தார். 1899இல் படத்துக்கு 50 பவுண்டு, உரிமைக்கு 50 பவுண்டு. அந்தப் படத்தை உற்றுப் பார்த்தால் பழைய கருவியின் கோடுகள் புதிய வண்ணத்துக்கு அடியில் தெரியும் என்பார்கள். ‘எசமானின் குரல்’ என்பது படத்தின் தலைப்பு, அதுவே லேபிளின் பெயரானது. அதில் இசை என்ற சொல் இல்லை. ராகம், சுரம், கீதம் எதுவும் இல்லை. ஒரு நாயும், அது யாரையோ அடையாளம் கண்டுகொண்ட பாவனையும் இருக்கின்றன. எழுத்துத் தெரியாதவரும் நாய் மார்க் என்று கேட்டு வாங்கலாம். கம்பெனிகள் கைமாறிப் பிரிந்தபோது அதே நாய் அமெரிக்காவில் ஒருவருக்கும் ஜப்பானில் இன்னொருவருக்கும் மற்ற பல நாடுகளில் மூன்றாமவருக்கும் சொத்தானது. குரல் ஒன்று, எசமான்கள் மூன்று.

காது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். இதற்கு உச்ச நீதிமன்றத்தின் சாட்சியும் உண்டு, அதுவும் நம் ஊர் மூக்குப்பொடி வழக்கு ஒன்றில். ‘ஸ்ரீ அம்பாள்’ என்ற பெயரில் சென்னையில் ஒரு மூக்குப்பொடி பேர்போனது. வேறொரு வியாபாரி ‘ஸ்ரீ ஆண்டாள்’ என்ற பெயரைப் பதியக் கேட்டார். அவர் தரப்பு சொன்ன வாதத்தை எந்தத் தமிழரும் ஒப்புக்கொள்வார்: அம்பாள் வேறு, ஆண்டாள் வேறு. ஒருவர் சிவனின் தேவி, மற்றவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த கோதை. சைவ வீட்டிலும் வைணவ வீட்டிலும் குழந்தைக்குக்கூட இந்த வித்தியாசம் தெரியும். படங்களும் வேறு வேறு. 1969இல் உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்கவில்லை. மூக்குப்பொடி போடுகிறவர்களில் எல்லா மதத்தவரும் உண்டு, இரண்டு பெயருக்கும் பொருள் தெரியாதவர்களும் உண்டு. கண்ணுக்கு வேறாகத் தெரிந்தாலும் காதுக்கு இரண்டும் ஒத்தே ஒலிக்கின்றன என்று பதிவை மறுத்தது.

தீர்ப்பைப் படித்தபோது எனக்குத் தோன்றியது, இதை ஒரு மிருதங்க வித்வானிடம் கேட்டிருந்தால் ஒரே நிமிடத்தில் முடித்திருப்பார் என்பதுதான். இரண்டு சொல்லிலும் நடுவில் மூக்கொலியும் அதையடுத்து ஒரு தட்டும். முடிவு இரண்டிலும் ஒன்று. முதல் எழுத்து மட்டும் ஒன்றில் குறில், ஒன்றில் நெடில். ஜதியாகச் சொன்னால் ஒன்றின் நிழல் மற்றொன்று. பட்டியலில் இருந்த நாதலயா, ஸ்வரலயா, ஸ்ருதிலயா மூன்றையும் இந்தக் காதோடு கேட்டுப் பாருங்கள். மூன்றும் ஒரே வாத்தியாரின் மூன்று பிள்ளைகள்.

நம் இசை மரபு பெயர் விஷயத்தில் இவ்வளவு குழம்பியதில்லை. பாடகரும் நாகஸ்வரக்காரரும் ஊர்ப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டார்கள். அரியக்குடி, செம்மங்குடி, லால்குடி, திருவாவடுதுறை. கச்சேரிக்குப் போகிறவர் ராமானுஜ ஐயங்கார் கச்சேரி என்று சொல்ல மாட்டார், “இன்னிக்கு அரியக்குடி” என்பார். காரைக்குடிப் பக்கத்து ஒரு சிற்றூரின் பெயர் ஒரு பாட்டு முறையின் பெயராக மாறிவிட்டது. சபாக்களின் நீளமான பெயர்களையும் ரசிகர்கள் தம் வாய்க்கு ஏற்ப வெட்டிக்கொண்டார்கள். ரசிக ரஞ்சனி சபா ‘ஆர்.ஆர். சபா’ ஆனது. 1928இல் தொடங்கிய மியூசிக் அகாடமி வெறும் ‘அகாடமி’. சென்னையில் எத்தனையோ அகாடமிகள் இருக்கலாம், மார்கழியில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். அண்ணா சாலையில் 1842இல் மிஸ்க்வித் என்பவர் பெயரில் தொடங்கிய வாத்தியக் கடை பிறகு ‘மியூசி மியூசிக்கல்’ என்ற பிரெஞ்சுப் பெயருக்கு மாறியது. பொருள் தெரிந்து அதைச் சொன்னவர்கள் சிலரே. ஒரே அசை இரண்டு முறை வருவதால் பொருள் தெரியாமலே நாக்கில் நின்றுவிட்டது.

ஏ.வி. மெய்யப்பன் வைத்த பெயர்களை வரிசையாகப் பார்ப்பது நல்ல பாடம். காரைக்குடியில் அப்பாவின் கடை ஏ.வி. அண்ட் சன்ஸ். 1930களின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து, கூட்டாளிகளோடு இசைத்தட்டுத் தொழிலில் இறங்கியபோது அவர் தேர்ந்த பெயர் சரஸ்வதி ஸ்டோர்ஸ். விற்றது ஓடியன் தட்டுகள். அந்த ஓடியனும் பாரிஸில் உள்ள ஒரு நாடக அரங்கின் பெயரைத் தாங்கிய ஜெர்மன் லேபிள்தான். இசைக் கடைக்கு வீணை வைத்திருக்கும் தேவியின் பெயரைவிடப் பொருத்தமான பெயர் வேறு கிடையாது. பொருத்தம் அதிகமாக இருந்ததுதான் குறையோ என்று எனக்குத் தோன்றுகிறது. புத்தகக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அச்சகத்துக்கும் அதே தேவிதான் பொறுப்பு. பிறகு சினிமா எடுக்க சரஸ்வதி சவுண்ட் புரொடக்‌ஷன்ஸ், அதன்பின் பிரகதி என்று மாறி மாறி வந்து, 1945இல் தன் மூன்று எழுத்துகளை வைத்தார். ஏவிஎம். அதற்குப் பொருள் எதுவும் இல்லை. வடபழனி பஸ் நிறுத்தம்வரை அந்தப் பெயர்தான் போய்ச் சேர்ந்தது. சரஸ்வதியும் பிரகதியும் சினிமா வரலாறு படிப்பவர்களின் நினைவில் மட்டும் மிஞ்சின.

1976இல் ‘அன்னக்கிளி’ வெளிவரும் முன் பஞ்சு அருணாசலத்துக்கும் இதே பிரச்சினை வந்தது. புது இசையமைப்பாளர் ராஜா என்று அழைக்கப்பட்டார். ஆனால் ஏ.எம். ராஜா என்று ஒருவர் ஏற்கெனவே இருந்தார், ‘கல்யாணப் பரிசு’க்கு இசையமைத்தவர். பஞ்சு முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்தார்: இளையராஜா. அரண்மனை மொழியில் சொன்னால் அது பட்டத்துக்குக் காத்திருப்பவரின் பெயர். முன்னவருக்கு மரியாதை குறையவில்லை, பின்னவருக்குத் தனி அடையாளம் கிடைத்தது. குழப்பத்தைத் தவிர்க்கச் செய்த ஒரு திருத்தம், பெயரில் ஒரு கதையையும் வைத்துவிட்டது. அதற்கு முன் அண்ணன் வரதராஜனின் பட்டத்தைத் தாங்கி அவர்கள் மேடை ஏறிய குழு ‘பாவலர் பிரதர்ஸ்’. அதுவும் குடும்பமும் ஆளும் சேர்ந்த பெயர்தான்.

இசையை விட்டுத் தள்ளி நிற்கும் பெயரே நல்லது என்று நான் சொல்வதாகத் தோன்றலாம். யமஹாவின் கதை அப்படித்தான் நினைக்க வைக்கிறது. 1887இல் ஹமாமாட்சுவில் ஒரு பள்ளிக்கூடத்தின் பழுதான ஆர்மோனிய ஆர்கனைச் சரிசெய்யப் போன தொராகுசு யமஹா, அதைப் பார்த்துத் தானே ஒன்று செய்தார். 1897இல் கம்பெனி அமைந்தபோது வைத்த பெயர் நிப்பான் காக்கி. ஜப்பான் இசைக்கருவிகள் என்று பொருள். முறையான, அரசாங்க வாடை அடிக்கும் பெயர். 1987இல்தான், நூறாவது வருடத்தில், அதை எடுத்துவிட்டு நிறுவனரின் பெயரையே கம்பெனிக்கு வைத்தார்கள். இடையில் 1955இல் மோட்டார் சைக்கிள் பிறந்தது. நம் ஊர் இளைஞனுக்கு யமஹா என்றால் ஆர்.எக்ஸ். 100தான், அந்த வண்டியின் டாங்கில் ஒட்டியிருந்த சின்னத்தில் மூன்று இசைக்கவைகள் இருந்ததை எத்தனை பேர் கவனித்தார்களோ. பெயரில் இசை இல்லாததால் அது வண்டிக்கும் பொருந்தியது, பியானோவுக்கும் பொருந்தியது.

ஆனால் தள்ளி நிற்பது மட்டும் காப்பாற்றாது. பீட்டில்ஸ் குழு 1968இல் தங்கள் கம்பெனிக்கு ஆப்பிள் என்று பெயர் வைத்தது. பழத்துக்கும் பாட்டுக்கும் சம்பந்தமில்லை. சட்டப்படி இதைவிட வலுவான பெயர் இருக்க முடியாது. எட்டு வருடம் கழித்து கலிபோர்னியாவில் கணினி செய்கிற இளைஞர்களும் அதே பழத்தைப் பறித்தார்கள். 1978இல் வழக்கு. 1981இல் 80,000 டாலர் வாங்கிக்கொண்டு, நீங்கள் இசைக்குள் வராதீர்கள், நாங்கள் கணினிக்குள் வரமாட்டோம் என்று சமாதானமானார்கள். கணினி பாட ஆரம்பித்தது. 1991இல் மறுபடி சமாதானம், இந்த முறை 2.65 கோடி டாலர். பிறகு ஐடியூன்ஸ் வந்தது, மறுபடி வழக்கு, 2006இல் லண்டனில் கணினிக்காரர்கள் வென்றார்கள். 2007இல் பெயரின் உரிமை முழுவதும் கணினிக்காரர்களிடம் போய், பீட்டில்ஸ் கம்பெனி தன் பெயரைத் தானே உரிமம் பெற்றுப் பயன்படுத்தும் நிலைக்கு வந்தது. தொழில்களுக்கு நடுவே இருப்பதாக 1981இல் நினைத்த சுவர் காலத்தில் கரைந்துவிட்டது. நம் ஊரில் சங்கீதா என்று கேசட்டும் வந்தது, சங்கீதா என்று சைவ ஓட்டலும் நடக்கிறது. கேசட் இட்லி விற்க வராததால் சண்டை இல்லை.

என் மனதுக்குப் பிடித்த பெயர்கள் சென்னையின் மெல்லிசை மேடைகளில்தான் இருந்தன. ‘சாதகப் பறவைகள்’ என்று ஒரு குழு. சாதகம் என்றால் வித்வான்கள் விடியற்காலையில் செய்யும் பயிற்சி. மழைத் துளியை மட்டும் குடித்து வாழ்வதாகச் சொல்லப்படும் பறவையும் அதுதான். ஒரே சொல்லில் உழைப்பும் தாகமும். இதை இன்னொரு மொழியில் சொல்லவே முடியாது. அதைவிடத் துணிச்சலானது ராம்ஜியின் ‘அபஸ்வரம்’. பாட்டுக்காரர் எவரும் தன் மேல் விழக் கூடாதென்று நடுங்கும் சொல்லைத் தானே எடுத்துத் தலையில் சூடிக்கொண்டார். பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டு அபஸ்வரம் ராம்ஜி ஆனார். இதுவும் ஊர்க் கிணற்றுச் சொல்தான். ஆனால் மற்றவர்கள் யாரும் வாளி விடாத பக்கம். சுரம், லயம் என்று மங்கலச் சொற்களுக்கு மட்டுமே கூட்டம்; கிணற்றின் மறுபக்கம் காலியாகவே கிடக்கிறது. சென்னையில் மிளகாயின் ஹிந்திப் பெயரை ஒரு பண்பலை வானொலி வைத்துக்கொண்டு நடத்தவில்லையா?

இத்தனையும் மருமகனுக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். “அப்ப எதைத்தான் வைக்கிறது மாமா?” என்றான். தஞ்சாவூர் வீணை என்று சேர்த்துக்கொள்ளலாமா என்று இடையில் ஒரு யோசனை வந்தது, அதைத் தடுத்தேன். தஞ்சாவூர் வீணை 2013இல் புவிசார் குறியீடு பெற்றது, நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம் 2022இல். அவை அந்தந்த ஊர்க் கைவினைஞர்கள் எல்லோருக்கும் சேர்ந்த பெயர்கள். ஒலிப்பதிவுக் கூடத்தின் தலையில் ஒட்டுவதற்கல்ல.

முடிவு தபால்காரர் மூலம் வந்தது. ஒரு மைக்ரோபோன் பார்சல் வந்தபோது, முகவரியில் கதவிலக்கம் தப்பாக இருந்தும் அவர் நேரே வந்து நின்றார். “மாவு மில்லுதானே தம்பி?” பதினோரு வருடமாக அங்கே மாவு அரைக்கவில்லை. ஊர் வாயில் பெயர் அப்படியே இருந்தது. குழப்பமில்லாத இரண்டே எழுத்து, பின்னால் ஒரு மில். மருமகன் இணையத்தில் டிரேட் மார்க் பதிவகத்தின் தேடல் பக்கத்தில் பார்த்தான். ஒலிப்பதிவுகளுக்கு 9ஆம் வகை, இசைக்கருவிகளுக்கு 15, பயிற்சிக்கும் நிகழ்ச்சிக்கும் 41. மூன்றிலும் தேடிப் பார்த்துவிட்டு, தனிநபர் கட்டணம் ஒரு வகைக்கு 4,500 ரூபாய் என்பதால் முதலில் 41க்கு மட்டும் விண்ணப்பித்தான். கிடைத்தால் பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கம்பெனியாகப் பதிவதோ ஜி.எஸ்.டி. எண் வாங்குவதோ பெயரின் மேல் உரிமை தராது என்பதை அவனுடைய ஆடிட்டரிடம் சொல்லிப் புரியவைக்கத்தான் அதிக நேரம் ஆனது.

பலகை எழுத வந்த பெரியவர் சுண்ணாம்புக் கட்டியில் தேய்த்த நூலைப் பலகையின் குறுக்கே இழுத்துக் கட்டி, விரலால் சுண்டி மூன்று கோடுகள் போட்டார். தமிழுக்கு ஐந்து பங்கு, ஆங்கிலத்துக்கு மூன்று, வேறு மொழி இருந்தால் இரண்டு என்ற அரசு விதி அவருக்கு மனப்பாடம். “வேற மொழி வேண்டாம்ல?” என்று கேட்டுக்கொண்டு, கீழ்க் கோட்டை ஈரத் துணியால் துடைத்தார். தட்டைத் தூரிகையில் சிவப்பைத் தொட்டு ‘மாவு மில்’ என்று எழுதி, அதற்குக் கீழே சிறிய எழுத்தில் ‘ஒலிப்பதிவு, மிருதங்கம்’ என்று முடித்தார். ‘மா’வின் வளைவை மட்டும் இரண்டு முறை திருத்தினார்.

பலகை காய்ந்த மறுநாள், தெருக்கோடியில் புதிதாகக் குடிவந்த ஓர் அம்மாள் இடுப்பில் தூக்குச் சட்டியோடு படியேறி வந்தார். காய்ந்த மிளகாயும் மல்லியும். உள்ளே ஒரு பையன் தகதிமி சொல்லிக்கொண்டிருந்தான். “அரைக்க எவ்வளவு நேரம் ஆவும்பா?” என்று கேட்டார். மருமகன் அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மேல வீதியில் இருக்கும் இன்னொரு மில்லுக்கு வழி சொன்னான். அவர் உடனே எழுந்திருக்கவில்லை. வகுப்பு முடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, பேத்திக்கு ஏழு வயது, சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டார்.